குழந்தை பார்க்கப் போகிறீர்களா? கையில் என்ன கொண்டுபோகலாம்?

குழந்தை பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப் போகும் பொருள்கள் அநேகமாக எல்லா ஊரிலும் ஒன்றுதான். பவுடர், சோப்பு, எண்ணெய் அடங்கிய கிஃப்ட் செட்; ஜரிகை வைத்த சட்டை; குழந்தையைவிடப் பெரிய கரடி பொம்மை. பாதி, பிரிக்கப்படாமலேயே அடுத்த வீட்டு விசேஷத்துக்குப் போய்விடும். பார்ப்பவர் கண்ணுக்குப் பிடித்ததை வாங்குகிறோம். பயன்படுத்தப்போகும் உடலைப் பற்றி யோசிப்பதில்லை.

அப்படி யோசித்து ஒரு பெட்டியைத் தயாரித்த நாடு பின்லாந்து. 1930களில் அங்கே பிறந்த 1,000 குழந்தைகளில் சுமார் 65 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்துகொண்டிருந்தார்கள். 1938இல் ஏழைத் தாய்மார்களுக்கு அரசே உடுப்பும் விரிப்பும் அடங்கிய பெட்டியைக் கொடுக்கத் தொடங்கியது. 1949 முதல் வசதி பார்க்காமல் எல்லாத் தாய்மார்களுக்கும் கிடைத்தது. பொருள்களை எடுத்த பிறகு, அடியில் மெத்தை போட்ட அந்த அட்டைப்பெட்டியே பல குழந்தைகளுக்கு முதல் படுக்கை. ஆனால் ஒரு நிபந்தனை: கர்ப்பத்தின் நான்காம் மாதம் முடிவதற்குள் தாய் மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும். குழந்தை இறப்பு மளமளவென்று குறைந்ததற்குச் சத்துணவு, தடுப்பூசி, வருமானம் என்று பல காரணங்கள் உண்டு. அட்டைப்பெட்டி தனியாக அதைச் செய்யவில்லை. தாயை மருத்துவரிடம் அழைத்து வந்ததில்தான் அதன் பங்கு பெரிது.

தமிழ்நாட்டிலும் 2015இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் அறிமுகமானது. அதில் கொசுவலை, நகவெட்டி, கை கழுவும் திரவம் எல்லாம் உண்டு. தாய்க்குச் சௌபாக்ய சுண்டி லேகியமும் உண்டு. நகவெட்டியை யார் பரிசாகக் கொடுப்பார்கள்? ஆனால் தன் நகத்தாலேயே முகத்தைக் கீறிக்கொள்ளும் பச்சைக் குழந்தைக்கு அது கட்டாயம் வேண்டும்.

சூடும் குளிரும்

எடையோடு ஒப்பிட்டால் பச்சைக் குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களுடையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் உடற்சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். நம்மைப் போல உடல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. கழுத்தையும் முதுகையும் ஒட்டியிருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கிறது. நன்றாகத் தண்ணீர் உறிஞ்சும் துண்டு, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணி, இவைதான் அதற்குச் சௌகரியம். தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துணி போட்ட பாட்டிமார்கள் செய்தது சரியான காரியம். சித்திரை வெயிலில் வெல்வெட் சட்டையும் குல்லாவும் போட்டு மூடுவது நேர்மாறான ஆபத்து. கூடுதல் சூடும் குழந்தைக்கு ஆகாது.

சட்டைதான் வாங்குவேன் என்றால் அளவில் கவனம் வேண்டும். பிறந்த எடை ஐந்து மாதத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒரு வயதில் மும்மடங்கு. ஆறு மாதக் குழந்தைக்கான அளவில் வாங்குங்கள். அப்போது என்ன பருவம் நடக்கும் என்பதையும் கணக்குப் போடுங்கள். கார்த்திகையில் பிறந்த குழந்தைக்கு ஆறு மாத அளவில் ஸ்வெட்டர் வாங்கினால், அது போட்டுக்கொள்ளும் காலம் அக்னி நட்சத்திரமாக இருக்கும்.

வேண்டாதவை

கரடி பொம்மையும் பஞ்சுத் தலையணையும் படுக்கைக்கு ஆகாதவை. மூக்கை அடைத்தால் தலையைத் திருப்பிக்கொள்ளக் குழந்தையின் கழுத்தில் வலு இல்லை. அமெரிக்காவில் 1994இல் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற இயக்கம் தொடங்கியபின், தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. சமமான, கெட்டியான படுக்கை, அதில் வேறு எந்தப் பொருளும் இல்லாமை: இதுவே பாதுகாப்பு.

பவுடர் நுரையீரலுக்குள் போகும். கண்மையில் ஈயம் இருக்கக்கூடும். தேனை ஒரு வயதுவரை நாக்கில்கூடத் தடவக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி தசைகளைச் செயலிழக்கச் செய்யும். நடைவண்டி? உட்கார வைத்து உருளவிடும் வாக்கரின் விற்பனையைக் கனடா 2004இலேயே தடைசெய்துவிட்டது. அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படிக்கட்டில் உருட்டிவிடும். பாட்டுப் பாடும் பொம்மை என்றால் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வட்டப் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும். 2021 முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அதையும் தேடுங்கள்.

பால் புட்டியும் பால்மாவு டப்பாவும் பரிசுப் பொருள்கள் அல்ல. அவற்றை நிறுவனங்கள் விளம்பரப்படுத்துவதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் போதும். தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லட்டும்.

முதல் வாரங்களில் பொம்மையே அவசியமில்லை. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருப்பது ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான்.

பெற்றவர்களுக்கு

பச்சைக் குழந்தை நாளுக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். இரவு, பகல் வேறுபாட்டை அதன் உடல் கற்றுக்கொள்ள இரண்டு, மூன்று மாதமாகும். அதுவரை தாய்க்குத் தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். ஆகவே வீட்டில் உண்மையிலேயே தட்டுப்பாடாக இருப்பது நேரம். கேரியரில் ரசம் சாதமும் பொரியலும் கொண்டுபோய்க் கொடுங்கள். மூத்த பிள்ளையைப் பள்ளியில் விட்டு வாருங்கள். முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு வாங்குங்கள். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் நல்ல பரிசு: மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடற்சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பின்லாந்துப் பெட்டியின் நிபந்தனையை நாமும் கடன் வாங்கலாம். நம் நாட்டு அட்டவணைப்படி 6, 10, 14ஆம் வாரங்களில் தடுப்பூசி. மொய்க் கவரைக் கொடுக்கும்போதே, "ஆறாவது வார ஊசிக்கு நான் ஆட்டோ கூட்டிக்கிட்டு வந்துடுறேன், நீ குழந்தையை மட்டும் தூக்கிக்கிட்டு வா" என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்குச் சளி, இருமல் இருந்தால் அந்த வாரம் போகாதீர்கள். போனால் முதலில் கையைக் கழுவுங்கள். குழந்தையை முத்தமிடாமல் திரும்பி வாருங்கள்.