தலை நிற்காத குழந்தை

ஐந்து மாதக் குழந்தை. தாயைக் கண்டால் சிரிக்கிறது; கிலுகிலுப்பையைக் கண்ணால் தொடர்கிறது. ஆனால் தலை நிற்கவில்லை. மல்லாந்து படுத்தால் கால்கள் தவளைக் கால்கள்போல் விரிந்து கிடக்கின்றன. "சில குழந்தைகளுக்குத் தாமதமாகும்" என்று பெரியவர்கள் தேற்றுவார்கள். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் மருத்துவர் முழங்காலின்கீழ்ச் சிறு சுத்தியலால் தட்டும்போது கால் துள்ளாமல், நாக்கின் தசையும் புழு நெளிவதுபோல் துடித்தால் நிலைமை வேறு.

இந்நோய் தண்டுவடத் தசை நலிவு எனப்படும். ஏறத்தாழப் பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. மெலிவது தசை, ஆனால் குறை அங்கே தொடங்குவதில்லை. தசைக்கு ஆணையிடும் நரம்பணுக்கள் தண்டுவடத்தில் மடிகின்றன. ஆணை வராத தசை வாடுகிறது. கடுமையான வகையில் மூச்சுத் தசைகளும் தளரும். அக்குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதே முன்பு அரிதாக இருந்தது.

1995இல் பாரிசில் ஜுடித் மெல்கி குழுவினர் காரணத்தைக் கண்டனர். ஐந்தாம் குரோமோசோமிலுள்ள எஸ்.எம்.என்.1 என்ற ஜீன் இக்குழந்தைகளிடம் இல்லை, அல்லது பழுதாகியுள்ளது. அது தரும் புரதமின்றி அந்த நரம்பணுக்கள் பிழைக்கா. வியப்பு என்னவென்றால், அதன் இரட்டை போன்ற எஸ்.எம்.என்.2 பக்கத்திலேயே இருக்கிறது! அது ஏன் கைகொடுக்கவில்லை? ஓர் எழுத்து மாறியிருப்பதால், செல் அதன் செய்தியைப் படியெடுக்கும்போது பெரும்பாலும் ஒரு பகுதியை விட்டுவிடுகிறது. முழுப் புரதம் பத்தில் ஒரு பங்களவே கிடைக்கிறது.

அப்பகுதி விடுபடாமல் தடுத்தால்? அமெரிக்காவில் ஏட்ரியன் கிரைனர் முதலியோர் இதைத்தான் செய்தனர். செய்தியில் போய் ஒட்டிக்கொள்ளும் அவர்களது நுசினெர்சென் மருந்து 2016 டிசம்பரில் அங்கு அனுமதி பெற்றது. முதுகில் ஊசி குத்தி, தண்டுவடத் திரவத்தில் இதைச் செலுத்துவர். 2019இல், வைரஸின் கூட்டில் நல்ல ஜீனை ஏற்றி ஒரே முறை செலுத்தும் மருந்து வந்தது. 2020இல் வாயால் பருகும் ரிஸ்டிப்லாம் வந்தது.

ஆயினும் மடிந்த நரம்பணு மீள்வதில்லை. கடுமையான வகையில், அறிகுறி தோன்றியபின் மருந்து பெற்றோரில் பலர் உட்காரக் கற்றனர், நடந்தோர் சிலரே. பிறந்த சில வாரங்களில், அறிகுறி தோன்றுமுன்பே பெற்றோரில் பெரும்பாலோர் நடந்தனர்! ஆகவேதான் பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்துச் செய்யும் சோதனைகளில் இதையும் சேர்க்குமாறு 2018இல் அமெரிக்க அரசு பரிந்துரைத்தது.

இன்னொரு தடை விலை. 2019இல் வந்த ஜீன் மருந்துக்கு அங்கு வைத்த விலை 21 லட்சம் டாலர். ரிஸ்டிப்லாமின் மாற்று மருந்தை, காப்புரிமை வழக்கொன்றுக்குப் பின், இந்திய நிறுவனம் ஒன்று 2025இல் மிகக் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கியது.