எண்ணெய்க் குழாய்களைத் துலக்கலும் ஆய்தலும்

மண்ணுக்கடியில் நெடுந்தொலைவு செல்லும் எஃகுக் குழாயின் உட்புறத்தை எவரும் நேரில் நோக்க இயலாது. ஆயினும் கேடு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. அசாமிலுள்ள நாகர்கட்டியாவிலிருந்து கௌகாத்தி வரை 1962-லும், பீகாரிலுள்ள பரௌனி வரை 1964-லும் இயங்கத் தொடங்கிய 1,157 கிலோமீட்டர் குழாய்வழியை எடுத்துக்கொள்வோம். அதற்கென எடுக்கப்பட்ட அசாம் கச்சா எண்ணெய் மெழுகு மிகுந்தது. எண்ணெய் குளிர்ந்தால் மெழுகு பிரிந்து குழாயின் சுவரில் படியும், வழி குறுகும், அதே அளவு எண்ணெயைச் செலுத்தப் பம்புக்கு அதிக அழுத்தம் வேண்டியதாகும். மேலும், எண்ணெயுடன் கலந்து வரும் நீர் தாழ்வான இடங்களில் தங்கி எஃகை அரிக்கும்.

இக்கேடுகளைத் தடுக்கும் கருவிக்குப் 'பிக்' என்று பெயர். பன்றி எனப் பொருள்படும் இப்பெயர், கருவி உராய்ந்து செல்லுகையில் எழும் கீச்சொலியால் ஏற்பட்டதென்பர். துலக்கும் பிக்கிற்கு எஞ்சின் கிடையாது. ஓர் உலோகத் தண்டில், குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றே பெரிய ரப்பர் போன்ற வட்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். பின்னால் வரும் எண்ணெயின் அழுத்தம் முன்னாலுள்ளதைவிட மிகும்போது, கருவி தானே முன்னேறும். நுரைப்பஞ்சாலானது நீரை ஒற்றியெடுக்கும். கம்பித் தூரிகை பூண்டது துருவையும் படிவையும் சுரண்டும். அலுமினியத் தகடு தாங்கியது, குழாய் எங்கேனும் நசுங்கியிருப்பின் தானும் வளைந்து வந்து அதனை அறிவிக்கும்.

ஆய்வுப் பிக்கில் வலிய காந்தங்களும் உணர்கருவிகளும் உள்ளன. சுவர் மெலிந்த இடத்தில் காந்தப்பாய்வு வெளியே கசியும். அக்கசிவும், சிறு சக்கரங்கள் அளந்த தொலைவும் ஒருங்கே பதிவாவதால், தோண்டிப் பார்க்க வேண்டிய இடம் தெரிகிறது. சிலவகைக் கருவிகள் கேளா ஒலியால் சுவரின் தடிப்பை அளக்கும்.

இப்பணியைத் தள்ளிப்போடுவதன் விளைவை அலாஸ்காவிலுள்ள புருடோ விரிகுடா எண்ணெய் வயல் காட்டியது. 2006 மார்ச்சில் அங்கு 34 அங்குலக் குழாய் ஒன்றில், அரிப்பால் விழுந்த சிறு துளை வழியே சுமார் 8 லட்சம் லிட்டர் எண்ணெய் பனிநிலத்தில் பரவியது. அக்குழாயில் ஆய்வுப் பிக் கடைசியாகச் செலுத்தப்பட்டது 1998-ல்.

களப்பணியாளர் கருத வேண்டியது ஒன்றுண்டு. பிக்கை ஏற்றும் அறையும் இறக்கும் அறையும் அழுத்தக் கலங்களே. வால்வுகளை மூடி, அழுத்தத்தை முற்றிலும் வெளியேற்றி, அழுத்தமானி சுழியைக் காட்டுவதுடன் வடிகுழாயிலும் ஒழுக்கு நின்றதை உறுதி செய்த பின்னரே கதவைத் திறத்தல் வேண்டும். கதவுக்கு நேரெதிரே நிற்றல் ஆகாது. வெளிவரும் கழிவில் இரும்பு சல்பைடு இருக்கக்கூடும். அது காற்றுப்பட்டதும் தானே தீப்பற்றும் இயல்புடையது. எனவே அதனை நனைத்தே வைத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் காந்த முறையை வகுப்பில் எளிதில் விளக்கலாம். ஓர் எஃகுப் பட்டையின் நடுவில் அரத்தால் குறுக்கே பள்ளமிட்டு, லாடக் காந்தத்தின் இரு முனைகளையும் பள்ளத்திற்கு இருபுறமும் பட்டையின் அடியில் வைக்கவும். பட்டையின் மேல் தாளைப் பரப்பி இரும்புத்தூளைத் தூவித் தட்டினால், பள்ளத்தின் மேல் தூள் திரளக் காணலாம். மாணவர் காணும் அத்திரள் குறிப்பதையே, மண்ணுக்கடியில் செல்லும் ஆய்வுப் பிக்கும் பதிவு செய்கிறது.