தவணைத் தேதி நெருங்கினால் தலை கனக்கிறதா?

"டாக்டரய்யா, ஒரு மாசமா ராத்திரி ரெண்டு மணி ஆனா முழிப்பு தட்டிடுது. அப்புறம் பொட்டுத் தூக்கம் கிடையாது. நெஞ்சு எரியுது. காலையில பின்மண்டை கனக்குது. நல்ல லேகியமா ஒண்ணு கொடுங்க."

கீழ்புத்துப்பட்டிலிருந்து மனைவியோடு வந்திருந்த அவருக்கு வயது முப்பத்தெட்டு. புதுச்சேரியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். நாடி பிடித்துப் பார்த்தேன். பித்தம் மிகுந்து துடித்தது. இரத்த அழுத்தம் 150/100.

"மாசத்துல எந்தத் தேதியில இது அதிகமாகுது?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "அஞ்சாம் தேதி நெருங்கினா..." என்று இழுத்தார்.

அஞ்சாம் தேதிதான் அவருடைய வீட்டுக் கடன் தவணை! துருவிக் கேட்டபோது இன்னொன்றும் வெளியே வந்தது. பெரியவளின் பள்ளிக் கட்டணத்துக்காக, மூணு வட்டிக்கு ஐம்பதாயிரம் வாங்கியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு முகம் வெளிறிவிட்டது. அவருக்கு அன்றுதான் விஷயமே தெரியும். "அய்யனாருக்குக் குதிரை செஞ்சு வைக்கிறதா வேண்டிக்கிட்டாரு. எதுக்குன்னு கேட்டா சொல்லலை" என்றார்.

அய்யனாரிடம் சொன்னதை அம்மாவிடம் சொல்லவில்லை! நோயின் வேர் அங்கேதான் இருந்தது.

கடன் உடம்பில் என்ன செய்கிறது?

வாதம், பித்தம், கபம் மூன்றும் அளவோடு நிற்பதுதான் ஆரோக்கியம் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை. ஓயாத கவலையும் இரவுக் கண்விழிப்பும் பித்தத்தைக் கூட்டும். பசி மந்திக்கும், புளியேப்பம் வரும், கோபம் மூக்கு நுனியில் நிற்கும். நவீன மருத்துவமும் இதையே வேறு வார்த்தைகளில் சொல்கிறது. பயம் வந்தால் அட்ரீனல் சுரப்பி வேலை செய்யும். இதயம் வேகமாகத் துடிக்கும். இரத்த அழுத்தம் ஏறும். பாம்பைக் கண்டு பயந்தால் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். கடனோ இருபது வருடம் கூடவே குடியிருக்கிறது!

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. சிக்கனம் என்ற பெயரில் சிலர் பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குகிறார்கள். தாய்மார்கள் மிச்சம் மீதியைச் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார்கள். மருந்திலும் சாப்பாட்டிலும் மிச்சம் பிடித்த காசு ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்.

தவணை ஏன் ஏறியது?

20 லட்சம் கடன், 20 வருடத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 15,500 ரூபாய். முதல் மாதம் அதில் 11,667 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது நாலாயிரம்கூட இல்லை.

2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. 7 சதவீதத்தில் வாங்கிய கடன் 9.5 சதவீதத்துக்கு ஏறினால், 20 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 15,833 ரூபாய். பழைய தவணை வட்டிக்கே பற்றாது! அதனால்தான் பல வீடுகளில் தவணை ஏறியது, அல்லது வருடம் நீண்டது. 2025-ல் ரெப்போ படிப்படியாக இறங்கி, டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வந்தது. உங்கள் கடனில் அந்தக் குறைவு வந்து சேர்ந்ததா? பாஸ்புக்கைப் பாருங்கள்.

உப்பளம் சொல்லும் பாடம்

கீழ்புத்துப்பட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். தை, மாசியில் பாத்தி திருத்துவார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் உப்பு வாருவார்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்தியெல்லாம் குளம், வேலை கிடையாது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்தப் பக்கம் பட்ட பாட்டை யாரும் மறக்க முடியாது. உப்பளத்துப் பெண்களைக் கேளுங்கள். "வெயில்ல எடுத்து வச்சாத்தான் மழையில அடுப்பு எரியும்" என்பார்கள்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு எல்லா மாதமும் ஒரே மாதிரி தோன்றுகிறது. அதுதான் ஏமாற்றம்! ஜூனில் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை. ஐப்பசியில் தீபாவளி. அப்புறம் அடுத்த பருவக் கட்டணம். நமக்கும் மழைக்காலம் உண்டு. தவணை மட்டும் வெயில், மழை பார்க்காமல் வரும்.

என்ன செய்யலாம்?

1. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். எல்லாக் கடனையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்று தனித்தனியாக இருக்கட்டும். இருட்டில் பேயாகத் தெரிவது வெளிச்சத்தில் வேலிக்கால்தான்.

2. வருடச் செலவை மாதச் செலவாக்குங்கள். பள்ளிக் கட்டணம் 42,000, வேன் 12,000, புத்தகமும் சீருடையும் 6,000 என்றால் மொத்தம் 60,000. மாதம் 5,000 ரூபாயை வங்கியில் ஒரு வருட ஆர்.டி.யாகப் போட்டு வந்தால், ஜூனில் யார் வாசலிலும் நிற்க வேண்டாம்.

3. சின்னக் கடனை முதலில் வெட்டுங்கள். மூணு வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். ஐம்பதாயிரத்துக்கு மாதம் 1,500 ரூபாய் வட்டி! அதே தொகை வங்கியில் 10 சதவீத நகைக் கடனாகக் கிடைத்தால் மாதம் நானூறு சொச்சம். நகையை மீட்கும் தேதியையும் நோட்டில் எழுதிவிடுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டியைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

4. தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போங்கள். 90 நாள் பாக்கி விழுந்தால் அது வாராக் கடன். பிறகு 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அதுவரை காத்திருக்காதீர்கள். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரர் தேர்ந்தெடுக்க வழி செய்யும்படி 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. குழந்தை சின்னது, செலவு அதிகம் என்றால் இப்போதைக்குக் காலத்தை நீட்டிக்கொள்ளுங்கள். கை கொஞ்சம் இளகினதும் வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டுங்கள். 8.5 சதவீத, 20 வருடக் கடனில் மூன்று வருடத்துக்கு மேல் குறையும். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி அபராதம் போடக்கூடாது என்பது 2012 முதலே விதி.

5. குழந்தைக் காப்பகச் செலவைப் பாருங்கள். 50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வந்தது. உங்கள் அலுவலகத்தில் கேட்டீர்களா? அங்கன்வாடியில் கல்வியும் மதிய உணவும் இலவசம். "நம்ம பிள்ளையை அங்கயா?" என்று கூசாதீர்கள். போய் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

6. இத்தனை செய்தும் பற்றவில்லையா? பள்ளியை மாற்றுவது பாவமல்ல. ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறாவது சேரும்போது மாற்றினால் பிள்ளைக்கும் அதிர்ச்சி குறைவு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்திருக்கிறதே! பிள்ளைக்கு வேண்டியது விலை உயர்ந்த பள்ளி மட்டுமல்ல, சிரித்த முகத்தோடு இருக்கும் அப்பாவும்தான்.

உடம்புக்கு என்ன?

சீரகத்தைக் கொதிக்க வைத்த தண்ணீரைப் பகலில் குடித்து வாருங்கள். நாலு காபியை இரண்டாக்குங்கள். மாலை ஆறுக்கு மேல் வேண்டாம். வாரம் இருமுறை நல்லெண்ணெய் முழுக்குச் சூட்டைத் தணிக்கும். இரவு வெதுவெதுப்பான பாலில் ஒரு சிட்டிகை சாதிக்காய்த் தூள் போதும், அளவு மீறக்கூடாது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவே கூடாது.

ஒரு முக்கியமான வார்த்தை. "நான் இல்லாட்டி இன்சூரன்ஸ் பணமாவது வரும்" என்று யாராவது சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வங்கிக் கடனை மாற்றி எழுதலாம். போன உயிரை மாற்றி எழுத முடியாது.

கீழ்புத்துப்பட்டுக்காரருக்கு நான் லேகியம் கொடுக்கவில்லை. பித்தம் தணிக்கச் சூரணம் கொடுத்தேன். பிரஷருக்கு ஆங்கில மருத்துவரையும் பார்க்கச் சொன்னேன். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. மனைவி கழுத்துச் சங்கிலியை வங்கியில் வைத்து மூணு வட்டியை அடைத்தார். மூன்று மாதம் கழித்து வந்தபோது இரத்த அழுத்தம் 130/84.

"தூக்கம் எப்படி?" என்றேன்.

மனைவி முந்திக்கொண்டார். "அஞ்சாம் தேதி மட்டும் ரெண்டு பேரும் நோட்டை வச்சுக்கிட்டு முழிச்சிருக்கோம் டாக்டரய்யா. அதுவும் பத்து மணி வரைக்கும்தான்!"