படிப்பு நின்றுவிடக் கூடாது

கல்லூரியில் பயிலும் மகளுக்குப் பாலியல் தொல்லை நேர்ந்தது எனக் கேள்விப்பட்டால் நம் இல்லங்களில் முதலில் எழும் பேச்சு என்ன? "படித்தது போதும், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடு!" என்பதே. அன்பினாலும் அச்சத்தினாலும் பிறக்கும் சொல் அது. ஆயினும் அதன் விளைவை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? தீங்கிழைத்தவன் வகுப்பறையில் அமர்ந்திருக்கிறான்; தீங்குக்கு ஆளானவள் வீட்டு மூலையில் முடங்குகிறாள். குற்றம் ஒருவனுடையது, தண்டனை மற்றொருத்திக்கு!

இந்த அநீதியைத் தடுப்பதற்கென்றே நம் நாட்டில் விதிகள் உள்ளன. 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் 'விசாகா' வழக்கில் வழங்கிய தீர்ப்பு அவற்றுக்கு வித்திட்டது. 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் பிறந்தது. உயர்கல்வி நிலையங்களுக்கெனப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஒழுங்குமுறைகள் 2016 மே மாதம் அறிவிக்கப்பட்டன. இவற்றின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு ஒன்று இருந்தாக வேண்டும். மூத்த பேராசிரியை ஒருவர் அதற்குத் தலைமை வகிப்பார். உறுப்பினர்களில் பாதிப்பேரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும், மாணவர் தொடர்பான விவகாரமாயின் மாணவப் பிரதிநிதிகளும் இடம்பெறுவர். துணைவேந்தர், பதிவாளர் போன்ற உயர் பொறுப்பாளர்கள் இதில் அமர இயலாது. அதிகாரத்தின் நிழல் விசாரணையில் விழலாகாது என்பதே இதன் நோக்கம். மாணவியர் மட்டுமன்றி, மாணவர்களும் இக்குழுவை நாடலாம்.

பெற்றோர் கவனத்தில் இருத்த வேண்டியது காலக்கெடு. சம்பவம் நிகழ்ந்த 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் அளிக்க வேண்டும். தக்க காரணம் இருப்பின் குழு மேலும் 3 மாதங்கள் வரை அவகாசம் நீட்டிக்கலாம். புகாரை எழுத இயலாத நிலையில் இருப்பவருக்குக் குழுவே உதவ வேண்டும். "யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று வீட்டிற்குள் பேசிப் பேசி நாட்களைக் கடத்தினால் இவ்வாய்ப்பு கைநழுவிப் போகும். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும்.

அதுவரை அவள் என்ன செய்வாள்? இங்கேதான் விதிகளின் அருமை விளங்குகிறது. அவளுக்கு 3 மாதங்கள் வரை விடுப்பு வழங்கலாம். அவ்விடுப்பால் அவளுடைய நிலைக்குக் குறைவு வராது. இருவரில் ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றலாம். குற்றம் சாட்டப்பட்டவர் ஆசிரியராயின், அவளுடைய விடைத்தாளைத் திருத்தவோ மதிப்பிடவோ அவரைத் தடை செய்யலாம். விலகி நிற்குமாறு எச்சரிக்கலாம். இவற்றை நாம் கேட்டுப் பெறலாம். கேட்காமலே மகளை அழைத்து வந்துவிட்டால், அவளுக்கென இருந்த பாதுகாப்பை நாமே கைவிட்டவர்களாவோம்.

சமாதானம் பேசும் பழக்கம் நம்மிடையே உண்டு. பாதிக்கப்பட்டவர் தாமே விரும்பினாலன்றி இவ்விவகாரத்தில் சமரசத்திற்கு இடமில்லை. பணத்தை அடிப்படையாகக் கொண்ட சமரசத்திற்கோ அறவே இடமில்லை. பெரியவர்கள் இதை நினைவில் கொள்வது நலம்.

வன்கொடுமையாயின் காவல்துறையையும் உடன் நாட வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் கட்டணமின்றி உடனடிச் சிகிச்சை அளிப்பது சட்டப்படி கடமை. 181 என்ற மகளிர் உதவி எண்ணும் உண்டு.

"பெயர் வெளியே வந்துவிடுமே!" என்ற அச்சம் நியாயமானது. 2024 டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி வெளியாள் ஒருவனால் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் துணிந்து புகார் அளித்தார். ஆனால் அவருடைய விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கண்டித்தது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அவரிடம் கட்டணம் பெறாமல் படிப்பைத் தொடரச் செய்யுமாறும், மனநல ஆலோசனை வழங்குமாறும் பல்கலைக்கழகத்தைப் பணித்தது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை கிடைத்தது. நீதிமன்றம் தண்டனையை மட்டும் எண்ணவில்லை. அம்மாணவியின் படிப்பையும் எண்ணியது என்பதை நாம் உணர வேண்டும்.

மகள் நம்மிடம் மனந்திறந்து சொல்வது ஓர் அமானிதம். அதை உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் பரப்பாதிருப்பது நம் பொறுப்பு. "நீ ஏன் அங்கே போனாய்?" என்று தொடங்கும் விசாரணை அவள் வாயை என்றென்றைக்கும் அடைத்துவிடும். "நீ சொன்னது நல்லது, நாங்கள் இருக்கிறோம்" என்ற சொல்லே அவளுக்கு முதல் மருந்து.

சேர்க்கையின்போது விடுதியையும் உணவையும் விசாரிக்கும் பெற்றோர்களே! புகார்க் குழுவின் தலைவி யார், அவரை அணுகுவது எப்படி என்பதையும் கேட்டறிந்து, மகளின் குறிப்பேட்டில் எழுதிக் கொடுங்கள். அவள் பட்டம் பெற்று வீடு திரும்பும் நாள் வரை அந்தக் குறிப்பு தேவைப்படாமலே போகட்டும். தேவைப்படின், அது அவள் கையில் இருக்கட்டும்.