வகுப்பறைக்குள் வந்த மின்பலகை

ஜூன் மாதம் நெருங்கினால், வன்னியம்பட்டி போன்ற நம் வட்டாரத்துச் சிற்றூர்களில் பெற்றோர் நம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சாமி, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம்? அங்கே ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறதாமே!" இராஜபாளையத்து நூற்பாலையில் இரவு வேலை பார்க்கும் தந்தையும், மருத்துவத் துணி நெய்யும் தறிக்கூடத்துக்குச் செல்லும் தாயும், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை அந்தப் பலகையை நம்பிக் கட்டணமாகச் செலுத்தத் துணிகின்றனர். மின்பலகை இல்லாத பள்ளியில் பிள்ளையை விட்டவர்களோ, பெருந்தவறு இழைத்துவிட்டது போல மனம் குமைகின்றனர். ஏழைக் குடும்பங்களின் வியர்வையும் பிள்ளைகளின் எதிர்காலமும் இதில் அடங்கியிருப்பதால், இக்கேள்விக்குப் பொறுப்போடு விடை தேடுவது நம் கடமையாகிறது.

கருவி நமக்குப் புதியதன்று

கற்பிப்பதற்குப் பொருள்களைத் துணைக்கு அழைப்பது இன்று நேற்று தோன்றிய வழக்கமன்று. நம் ஆண்டவரே விளக்கையும் வலையையும் விதையையும், வரிப்பணத்து நாணயத்தையும் காட்டியே இறையாட்சியின் மறைபொருளை எளியோர்க்கு விளக்கினார். திருச்சபையும் புதுமைக் கருவிகளைக் கண்டு அஞ்சியதில்லை. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய சேசு சபைக் குரு ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளாரின் "தம்பிரான் வணக்கம்" 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறியது. தமிழ் எழுத்தில் அச்சான அந்தச் சிறு நூல் பதினாறே பக்கங்கள் கொண்டது. அச்சு இயந்திரம் அக்காலத்தின் மின்பலகை என்றால் மிகையாகாது. எனினும், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அடிகளார் மீனவ மக்களிடையே வாழ்ந்து, அவர்தம் மொழியைக் கற்றுத் தேர்ந்திருந்தார். மக்களின் மொழி முதலில் வந்தது. இயந்திரம் பின்னரே வந்தது.

மற்றொரு நிகழ்ச்சியும் நாம் அறியத் தக்கது. 1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஆண்ட்ரு பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு ஏற்றார். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அவர் வியந்தார். செலவில்லாத அம்முறையைத் தம் இல்லத்திலும் புகுத்த முயன்றபோது, அங்கிருந்த ஆசிரியர்கள் மனமொப்பவில்லை. உடனே அவர் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, இளைய பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். சிறுவன் அதில் வெற்றி கண்டான். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் இவ்வேற்பாடு பின்னர் "சென்னை முறை" என்ற பெயரால் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. மணல் அதே மணல்தான். மனமில்லாத ஆசிரியர் கையில் பயன்படாத அது, மனமுள்ள சிறுவன் கையில் பள்ளிக்கூடமே ஆயிற்று.

கந்தாட்டு ஆசிரியை

இனி நம் காலத்துக்கு வருவோம். விழுப்புரம் மாவட்டத்துக் கந்தாடு என்னும் சிற்றூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து வந்த அன்னபூர்ணா மோகன் என்னும் ஆசிரியையின் பெயர் 2017-ஆம் ஆண்டில் செய்தித்தாள்களில் பரவலாக அடிபட்டது. தம் நகைகளைப் பணமாக்கி, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபாயைத் தம் வகுப்பறைக்கே செலவிட்டார் அவர். மின்பலகையும், குழந்தைகளுக்கேற்ற இருக்கைகளும், ஆங்கில நூல்களும் அவ்வறைக்கு வந்து சேர்ந்தன. அவரிடம் பயின்றவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்.

நகை விற்ற செய்தியே பலர் நெஞ்சைத் தொட்டது. நம் கவனத்துக்கு உரியது அவர் கற்பித்த முறையாகும். தமிழில் "க" என்னும் எழுத்தின் பெயரும் "க", ஒலியும் "க". எழுத்துக் கூட்டினால் சொல் தானே பிறந்துவிடும். ஆங்கிலத்தில் அவ்வாறில்லை. "சி", "ஏ", "டி" என்று எழுத்துகளின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்த குழந்தை, மூன்றையும் சேர்த்துச் சொன்னால் "சிஏடி" என்றுதான் வரும்; "கேட்" என்ற பூனை வராது! நம் கிராமத்துப் பிள்ளைகள் பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும் ஒரு வரியை வாசிக்கத் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய ஒலியைக் கற்பித்து, அவ்வொலிகளைக் கோத்து வாசிக்கப் பழக்கும் ஒலிப்பு முறையை அவ்வாசிரியை கையாண்டார். வகுப்பில் பிள்ளைகளோடு ஆங்கிலத்திலேயே உரையாடினார். தொடக்கத்தில் விழித்த குழந்தைகள் மெல்ல மெல்ல மறுமொழி கூறத் தொடங்கினர். அவர்கள் பேசுவதையும் வாசிப்பதையும் அவர் முகநூலில் வெளியிட, அதைக் கண்டு மகிழ்ந்த வெளிநாட்டு அன்பர் சிலர் உதவிக்கரம் நீட்டினர்.

ஆசிரியையிடம் கற்பிக்கும் முறையொன்று இருந்தமையால் பலகைக்கு அங்கே வேலை இருந்தது. ஒரே ஒலியைச் சலிப்பின்றி நூறு முறை ஒலிக்கவும், சொல்லுக்குரிய படத்தை அறை முழுவதும் தெரியக் காட்டவும் இயந்திரத்தால் இயலும். ஆனால், மூன்றாம் வரிசையில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு, ஒலி எழுப்பாமல் ஒளிந்திருக்கும் பிள்ளையைப் பலகை காணாது. அவனருகே சென்று குனிந்து, "நீ சொல், கண்ணே" என்று கேட்பது ஆசிரியை ஒருவருக்கே கூடும்.

ஒன்றை இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆசிரியை நகையை விற்றது அவருக்குப் பெருமை. விற்க நேர்ந்தது சமுதாயத்துக்குப் பெருமையன்று. ஏழைப் பிள்ளையின் கல்விக்கான செலவு ஓர் ஆசிரியையின் கழுத்திலிருந்து கழற்றப்பட வேண்டியதில்லை. அது நம் அனைவர்மீதும் உள்ள கடன். இதனை உணர்ந்தே அரசும் பின்னாளில் தொடக்கப் பள்ளிகளில் 22,931 மின்திரை வகுப்பறைகள் அமைக்கவும், ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் வழங்கவும் திட்டமிட்டு, 2024-ஆம் ஆண்டு அதனைத் தொடங்கியது.

விண்ணிலிருந்து வந்த பாடம்

கருவி மட்டும் வந்தால் போதுமா? வரலாறு விடை கூறுகிறது. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி ஓராண்டுக் காலம், அமெரிக்கா இரவலாகத் தந்த செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி அளிக்கப்பட்டது. மின்சாரம் எட்டாத சில ஊர்களில் மின்கலத்தைக் கொண்டே பெட்டியை இயக்கினர். உலகமே வியந்த முயற்சி அது. ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோளின் இரவல் முடிந்தது, திரை இருண்டது. அதே ஒளிபரப்பின் மூலம் பல்லாயிரம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அறிவியல் கற்பிக்கும் பயிற்சி பெற்றிருந்தனர். கோள் நகர்ந்த பின்னரும் அவர்கள் தத்தம் ஊரிலேயே இருந்தனர். அவர்கள் கற்றது வகுப்பறையில் தங்கியது.

கொரோனாப் பெருந்தொற்றும் இதே பாடத்தைத் துன்பத்தின் வழியாகக் கற்பித்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூடப்பட்ட நம் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாள்தான் திறந்தன. கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. கைப்பேசியிலும் வகுப்புகள் நடந்தன. ஆனால் ஒரே கைப்பேசியுள்ள வீட்டில், அது தந்தையோடு வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைக்கு ஏது வகுப்பு? எழுதக் கற்ற சிறுவர் பலர் எழுத்தை மறந்தனர். அவ்விடைவெளியை நிரப்ப, மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27-ஆம் நாள் "இல்லம் தேடிக் கல்வி" தொடங்கப்பட்டது. அதன் ஆணிவேர் இயந்திரமன்று. மாலைவேளையில் தெருத் திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டி அமர்த்திய தன்னார்வப் பெண்களே.

திருச்சபையின் எண்ணம்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டு வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளியின் பயன் பெரும்பாலும் ஆசிரியர்களையே சார்ந்திருக்கிறது எனவும், பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் எனவும் கற்பிக்கிறது. செயற்கை நுண்ணறிவு குறித்து 2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ஏடும் இதனையே வலியுறுத்துகிறது: ஆசிரியர் மாணவரோடு உடனிருப்பதால் மலரும் உறவை எந்த இயந்திரமும் ஈடு செய்யாது. புதுமையைத் திருச்சபை வெறுக்கவில்லை என்பதற்கு, நற்கருணைப் புதுமைகளைக் கணினி வழியாக உலகறியச் செய்த இளைஞர் கார்லோ அகுதிஸ் 2025 செப்டம்பரில் புனிதராக உயர்த்தப்பட்டதே சான்று.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் பலகையைப் பற்றிக் கேட்கட்டும், தவறில்லை. ஆனால் அதற்கு முன், "பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் உங்கள் ஆசிரியர் என்ன செய்வார்?" என்று கேட்கட்டும். இக்கேள்விக்கு நேரான விடை கிடைக்கும் பள்ளியில், மின்பலகை இல்லாவிட்டாலும் பிள்ளையை நம்பி விடலாம்.

2018 முதல் நம் மாநிலப் பாடநூல்களில் சதுர வடிவக் குறியீடுகள் அச்சிடப்பட்டுள்ளன. கைப்பேசியை அவற்றின் மேல் காட்டினால் பாடத்துக்குரிய காட்சிகள் விரியும். நாள்தோறும் அரைமணி நேரம் பிள்ளையோடு அமர்ந்து அவற்றைக் காணுங்கள். தாய்க்கு எழுத்தறிவு இல்லாவிடினும், "நீ பார்த்ததை எனக்குச் சொல்" என்று கேட்கலாமே! சொல்லும்போதுதான் பிள்ளை கற்கிறது. பிள்ளை அழாமலிருக்கக் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு அப்பால் போவது கல்வியாகாது.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நால்வரில் மூவர் பெற்றோராக இருத்தல் வேண்டும். கூலி போய்விடுமே என்று கூட்டத்தைத் தவிர்க்காதீர்கள். பழுதாகிக் கிடக்கும் திரையைச் செப்பனிடவும், இணைய இணைப்பைப் பெறவும் குரல் எழுப்பும் இடம் அதுவே. வசதி படைத்தோர், 2022-இல் அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி" திட்டத்தின் வழியாகத் தாம் படித்த பள்ளிக்கு உதவலாம். பங்கின் கல்லூரி மாணவ மாணவியர் வாரம் இரு மாலைகள் கோவில் மண்டபத்தில் அமர்ந்தால், பெற்றோர் இரவு வேலைக்குச் சென்ற வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணை கிடைக்கும். எட்டு வயது ஃபிரிஸ்கன் செய்ததை இவர்களால் செய்ய இயலாதா?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். பதிவேடுகளும் கைப்பேசிச் செயலிகளும் உங்கள் நேரத்தை விழுங்குவதை நாம் அறிவோம். ஆயினும் புதிய கருவியை மறுக்காதீர்கள். அதற்குள் மறைந்தும் போகாதீர்கள். தொண்ணூற்றொன்பது ஆடுகள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில், வழிதவறிய ஒன்றைத் தேடிச் செல்ல உங்களுக்கு ஓய்வு கிடைக்குமானால், அந்தக் கருவி ஆண்டவர் தந்த கொடையே. நல்ல மேய்ப்பராகிய இயேசு நம் பள்ளிகளையும் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக!