பாலைமணலில் வாகனப் பிரயாணம்: அறிய வேண்டிய சில விஷயங்கள்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்கு ராஜஸ்தானத்தின் பிகானேர் மாவட்டத்துப் பர்சிங்சரிலும் ஒரு சுரங்கமும் 250 மெகாவாட் அனல்மின் நிலையமும் உண்டு. அதனால், நம் நெய்வேலி நகரியத்து வட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் உத்தியோக நிமித்தமாகத் தார் பாலைவனம் பரிச்சயமாக வாய்ப்பு ஏற்பட்டிருக்கிறது. மாற்றலாகிச் சென்றவரைக் காணப் போகும் உறவினர்கள் பிகானேரோடு நின்றுவிடாமல் ஜெய்சல்மேர் வரை பிரயாணத்தை நீட்டுவதும், அதற்கும் மேற்கே சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சம் மணற்குன்றுகளில் ஜீப் சவாரி செய்ய ஆசைப்படுவதும் இயற்கையே. அந்தக் காட்சியைக் காண வேண்டாமென்று சொல்ல நான் முற்படவில்லை. அவசியம் காண வேண்டிய காட்சிதான் அது. ஆனால், சாலையை விட்டு மணலில் இறங்கிய பிறகும் சட்டம் நம்மைத் தொடர்ந்து வருகிறது என்பதையும், காப்பீடு அவ்வாறு தொடர்ந்து வருமென்ற நிச்சயம் இல்லை என்பதையும் அறிந்துகொண்டு போகிறவர்கள் மிகச் சிலரே என்பது என் கவலை.

முதலில் மணலின் சுபாவத்தைச் சொல்ல வேண்டும். காற்று வரும் திசையை நோக்கிய பக்கத்தில் மணற்குன்று மெல்லச் சரிந்து ஓரளவு இறுகியிருக்கும். மறுபக்கமோ ஏறத்தாழ 34 பாகைச் சரிவில், காலை வைத்தாலே பொலபொலவென்று உதிர்ந்து இறங்கும். ஏறுகிறவனுக்கு உச்சியை அடையும் வரை மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஆதலால் வேகமாக வந்து உச்சியில் தாவும் வண்டி மூக்குக் குப்புற விழுவதும், சரிவின் குறுக்காக ஓட்டப்படும் வண்டி பக்கவாட்டில் உருள்வதும் எளிது. அனுபவமுள்ள ஓட்டுநர் மணலில் இறங்கும் முன் டயர்க் காற்றைப் பாதியளவுக்குக் குறைத்துக்கொள்வார். அப்போது டயர் தட்டையாகப் பரந்து மணலில் புதையாமல் செல்லும். சாலைக்குத் திரும்பியதும் மறவாமல் மறுபடி காற்றை நிரப்புவார். குன்றின்மேல் நேராக ஏறி நேராகவே இறங்குவார். துணைக்கு இன்னொரு வண்டி இல்லாமல் உள்ளே போகமாட்டார். இதையெல்லாம் விட்டுவிட்டு, திறந்த ஜீப்பின் பின்தட்டில் ஆறேழு பேரை நிறுத்தி, இரும்புக் குழாயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் குன்றுக்குக் குன்று குதிக்க வைக்கிறவரை நம்பிக் குழந்தைகளை ஏற்றுவது சாகசமன்று, அவிவேகம். வெயிலையும் அலட்சியம் செய்யலாகாது. ஜோத்பூருக்கு வடக்கேயுள்ள பலோடியில் 2016 மே மாதத்தில் 51 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. அத்தகைய வெப்பத்தில், வண்டி புதைந்து தண்ணீரும் தீர்ந்துபோனால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து உண்டாகும்.

அடுத்து, அந்த நிலம் யாருடையது என்பது. வெறும் மணல்தானே என்று தோன்றும் பரப்பில் 3,162 சதுர கிலோமீட்டர் பாலைவனத் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது; உலகத்தில் ஏறத்தாழ நூற்றைம்பதே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படும் கானமயிலுக்கு அதுவே பிரதானப் புகலிடம். அந்தப் பறவை கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையை இட்டு அடைகாக்கும். மண்ணின் நிறத்திலேயே இருக்கும் அந்த முட்டை, தடம் விட்டு விலகி ஓடும் சக்கரத்துக்குத் தப்புவது அரிது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே அனுமதியின்றிப் புகுவதும் வாழிடத்தைச் சிதைப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். எல்லையை ஒட்டிய பகுதிகளுக்கு அரசின் கட்டுப்பாடுகள் உண்டு. பொக்ரான் பக்கத்தில் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சிக் களமும் உண்டு. வேலி இல்லை என்பதனால் வழி திறந்திருக்கிறது என்று கருதிவிடக் கூடாது.

இந்த விதி நமக்கு அருகிலும் பொருந்தும். தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரியின் செம்மணல் காப்புக்காட்டில் அனுமதியின்றி வண்டியை விட்டால் வனத்துறை வழக்குத் தொடரலாம். நம் சுரங்கங்களைச் சுற்றிக் குவிந்திருக்கும் மண்மேடுகளும் மலைபோல் தோன்றினும், அவை இறுகாத மண். மழைக்குப் பின் சரியக்கூடியவை, வெளியார் நுழையத் தடைசெய்யப்பட்டவை. அங்கே மோட்டார் சைக்கிளை ஏற்றிப் பார்க்க விரும்பும் பிள்ளைகளைப் பெற்றோர் கண்டிக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்; வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும்.

வாடகை வண்டியில் ஏறுமுன் பார்க்க வேண்டியது அதன் எண் பலகை. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது வாடகைக்கு உரிமம் பெற்றது. நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்குத் தரப்படும் வண்டியில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு உரியது. அதை வாடகைக்கு விட்டு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் நஷ்டஈட்டை மறுக்க வழி ஏற்படுகிறது. நம் சொந்தக் காருக்குக் கட்டாய மூன்றாம் நபர்க் காப்பீடு மட்டுமே இருந்தால், அதில் கட்டணமின்றி உடன் வரும் நண்பருக்கு அது பாதுகாப்பளிக்காது. அந்தக் காப்பீடும் பொது இடத்தில் நேரும் விபத்தையே முன்னிட்டது. பொதுமக்கள் உரிமையோடு செல்லும் இடமா அது என்ற வாதம் மணற்குன்றில் எழக்கூடும். பந்தய ஓட்டத்துக்கும் வேகச் சோதனைக்கும் சாதாரணக் காப்பீடு இடம் தருவதில்லை.

அப்படியும் துன்பம் நேர்ந்துவிட்டால் 112 என்ற எண்ணை அழைத்து உதவி பெற்று, முதல் தகவல் அறிக்கை பதிவாகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும், யார்மீது தவறு என்று நிரூபிக்காமலே கோர மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு இடமளிக்கிறது. முழு நஷ்டஈட்டுக்கு 166ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். விபத்து ஜெய்சல்மேரில் நடந்திருந்தாலும், மனுதாரர் வசிக்கும் கடலூர் மாவட்டத்துத் தீர்ப்பாயத்திலேயே அதைச் செய்யலாம். வழக்கறிஞருக்குச் செலவழிக்க இயலாதோர் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானத்தைப் பாராமலே அது கிடைக்கும்.

வாக்களித்த சேவையைத் தராத சுற்றுலாக்காரர்மீது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரையெனில் கட்டணம் இல்லை. “எல்லாம் என் பொறுப்பு” என்று அவர்கள் வாங்கிக்கொள்ளும் கையெழுத்து, அவர்களுடைய அஜாக்கிரதைக்கான பொறுப்பை அறவே அழித்துவிடாது. ஆனால் ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்கு வழக்கு நடத்துவது மிகவும் சிரமம். ஆகவே, சவாரிக்கு முன் வண்டி எண்ணோடு கூடிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவருடைய வண்டியில் ஏறாதீர்கள்.