சாலை ஒதுங்கிய இடமும் ஒதுங்காத இடமும்

ஒரு சாலை எவ்வளவு அகலமாக வேண்டும் என்பதை நிர்ணயிப்பது வாகனங்களின் எண்ணிக்கை ஒன்றே அன்று. சிங்கப்பூரின் தேக்காவில் பலசரக்குக் கடையும் பூக்கடையும் நகைக்கடையும் நெருக்கியடித்து நிற்க, தைப்பூசத்தன்று ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு கோயிலை நோக்கிக் காவடிகள் அசைந்து செல்லும் சிராங்கூன் சாலை, இன்றும் ஒருவழிப் பாதையாகக் குறுகியே ஓடுகிறது. பின்னால் எத்தனை பேருந்துகள் வரிசை கட்டி நின்றாலும் அதனை எளிதில் விரித்துவிட இயலாது. ஏனெனில் 1989ஆம் ஆண்டு, தேக்காவை உள்ளடக்கிய லிட்டில் இந்தியா மரபுடைமைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டபோது, இருமருங்கிலும் உள்ள கடைவீடுகளும் அவற்றின் முகப்பில் நடைபாதையாக அமைந்த அஞ்சடிகளும் சட்டத்தின் காவலுக்குள் வந்துவிட்டன.

அங்கிருந்து ரோச்சோர் கால்வாயை ஒட்டிச் சிறிது தூரம் நடந்தால், சிம் லிம் சதுக்கத்திற்கு அண்டையில், இத்தகைய காவல் எதுவும் வாய்க்காத ஒரு குடியிருப்பு இருந்த இடத்தை அடையலாம். 1977இல் எழுந்த ரோச்சோர் சென்டர் என்னும் அந்த நான்கு புளோக்குகளில், கீழ்த்தளங்களில் சாமி சாமான்களும் வீட்டுச் சாமான்களும் விற்கும் சிறு கடைகளும், அவற்றுக்கு மேலே வயோதிகர்கள் மாலை நேரங்களில் கூடியிருந்து பேசும் திறந்த தளமும், அதற்கும் மேலே 567 வீடுகளும் இருந்தன. வண்ண வண்ணமாய்ப் பூசப்பட்ட அதன் சுவர்களைப் படம் பிடிப்பதற்கென்றே வந்தவர்கள் உண்டு.

2011 நவம்பரில், வடக்கு-தெற்கு விரைவுச்சாலை இவ்வழியே வரப்போகிறது என்ற அறிவிப்பு வெளிவந்தது. மத்திய விரைவுச்சாலையின் நெரிசலைத் தணிப்பதற்காக 2008இல் உத்தேசிக்கப்பட்ட இந்தச் சாலை, உட்லண்ட்ஸ் பக்கத்திலிருந்து நகரம் வரை 21.5 கிலோமீட்டர் நீள்வது. அதில் பாதிக்கும் மேற்பட்ட தூரம் சுரங்கம். பூமிக்கு அடியில் செல்லும் பாதைக்காக மேலே உள்ள வீட்டை ஏன் இடிக்க வேண்டும் என்று கேட்பது இயல்பே. இத்தகைய சாலைச் சுரங்கங்கள் பெரும்பாலும் மேலிருந்து அகழ்ந்து, உள்ளே கட்டி, பிறகு மூடப்படுபவை. கடற்களிமண் நிறைந்த இந்தத் தாழ்ந்த பூமியில் அந்த வேலை இன்னும் கடினமானது. ஆகையால் பாதையின் மேலே நிற்கும் கட்டடம் முதலில் அகன்றாக வேண்டும்.

குடியிருப்பாளர்களுக்கு நஷ்டஈடும், காலாங் வட்டாரத்தில் புதிதாகக் கட்டப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் இடமும் அளிக்கப்பட்டன. 2016இன் இறுதிக்குள் அவர்கள் வெளியேற, 2018இல் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. புதிய வீடு பழைய வீட்டைவிடச் சௌகரியமானது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், வாட்டர்லூ தெருவில் அடுத்தடுத்து நிற்கும் குவான் யின் கோயிலுக்கும் கிருஷ்ணன் கோயிலுக்கும் காலாற நடந்து சென்று, திரும்பும் வழியில் காய்கறி வாங்கி, எதிர்வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை பேசிவிட்டுத் தன் வீட்டுக்குள் நுழையும் முதியவருக்கு, அந்தப் பழக்கத்தின் விலையைக் கணக்கிட்டுக் கொடுப்பதற்கு எந்த மதிப்பீட்டாளரிடமும் அளவுகோல் இல்லை. அக்கம்பக்கத்து வாடிக்கையை நம்பியிருந்த சிறு கடைக்காரருக்கும் இதே நிலைதான்.

இங்கே சட்டத்தின் இயல்பையும் அறிந்துகொள்ளுதல் அவசியம். 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்படி, எடுக்கப்படும் நிலத்துக்கான தொகை போதாது என்று மேல்முறையீடு செய்யலாமேயன்றி, அது பொதுக் காரியத்துக்குத் தேவையா என்று வழக்காட ஏறக்குறைய வழியில்லை. அரசாங்கத்தின் பிரகடனமே அதற்கு முடிவான சாட்சியம். 2007இல் வந்த திருத்தம் சந்தை மதிப்பை நஷ்டஈட்டின் அளவாக்கி, பணத்தைப் பற்றிய பழைய மனக்குறையைப் பெரிதும் நீக்கியது. எஞ்சி நிற்பது, கோடு கிழிக்கப்படுவதற்கு முன் எங்களைக் கேட்டீர்களா என்ற வினாவே.

அந்த வினா வீணானதன்று என்பதற்கு இவ்வூரிலேயே சான்று உண்டு. அதே 2011ஆம் ஆண்டு, புக்கிட் பிரவுன் என்னும் பழைய சீன இடுகாட்டின் ஊடே புதிய சாலை செல்லும் என்று அறிவிக்கப்பட்டபோது, வரலாற்று ஆர்வலர்களும் இயற்கை ஆர்வலர்களும் ஆட்சேபம் எழுப்பினர். 3,000க்கும் மேற்பட்ட கல்லறைகள் அகற்றப்பட்டு, லோர்னி நெடுஞ்சாலை 2018இல் முதற்கட்டமாகத் திறக்கப்பட்டது உண்மையே. ஆனால் நீரோடைகளும் விலங்குகளும் தடையின்றிக் கடக்கும்பொருட்டு, அதன் ஒரு பகுதி பாலமாக உயர்த்தப்பட்டது. வடக்கு-தெற்குச் சாலையும் 2016இல், பேருந்துத் தடங்களும் சைக்கிள் பாதைகளும் கொண்ட வழித்தடமாக மாற்றியமைக்கப்பட்டது. திட்டம் என்பது கல்லில் செதுக்கிய எழுத்து அன்று என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

சாலையை விரித்தால் நெரிசல் தீர்ந்துவிடுமா என்ற ஐயமும் பழையது. அகன்ற பாதை புதிய வாகனங்களை அழைத்து மீண்டும் நிரம்பிவிடும் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோணி டௌன்ஸ் 1962லேயே எடுத்துக்காட்டினார். 2018 பிப்ரவரி முதல் கார்களின் வளர்ச்சி விகிதத்தைப் பூஜ்யமாக்கிய சிங்கப்பூரில் அந்த அபாயம் குறைவு எனலாம். ஆனால் நிலத்தில் ஏறக்குறைய 12 விழுக்காடு சாலைகளுக்கும் 14 விழுக்காடு வீடுகளுக்கும் செலவாகும் தீவில், ஒன்றன் தேவைக்கு மற்றொன்று விட்டுக்கொடுக்க வேண்டியிருப்பதால், விட்டுக்கொடுப்பவரின் சொல்லுக்கு இங்கே கனம் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

ரோச்சோர் சென்டர், எடுக்கப்படும் செய்தி வந்தபோது, 34 வயதே ஆன கட்டடம். பழமையின் பெயரால் காப்பாற்றப்படும் தகுதி அதற்கு இல்லை. தேக்காவின் கடைவீடுகளுக்கு அவற்றின் வயது அரணாயிற்று. ஆனால் அயலாரோடு கொள்ளும் பந்தம் நூறாண்டு காத்திருந்து முளைப்பதில்லை. ஒரு தலைமுறைக்குள்ளேயே அது வேரூன்றிவிடுகிறது. ஆதலால், சாலைத் திட்டம் வகுப்போர் கட்டடத்தின் வயதையும் நிலத்தின் விலையையும் கேட்டறிவதோடு நில்லாமல், அங்கே யார் யாரோடு எவ்வாறு வாழ்கிறார்கள் என்பதையும், கோட்டை இன்னும் நகர்த்தக்கூடிய காலத்திலேயே, அவர்களிடமே சென்று விசாரித்தல் நியாயம். அப்படி விசாரித்த பின்னும் சாலை அவ்வழியே வந்தாக வேண்டியிருக்கலாம். அப்போதும் ஜனங்கள் இடம் கொடுத்தவர்களாக இருப்பார்களேயன்றி, இடம் பறிகொடுத்தவர்களாக இருக்கமாட்டார்கள்.